கத்திப் பிடியும் காற்றின் ஈரமும்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்சிலும் உள்ள பாத்திரக் கடைகளில் மரப்பிடி போட்ட கத்திகளை இன்றும் வாங்கலாம். வாங்கும் நாளில் பிடி வழவழப்பாக இருக்கும். இரும்பும் மரமும் சேரும் இடத்தில் விரலை ஓட்டினால் எந்த மேடும் பள்ளமும் தட்டுப்படாது. சில மாதங்கள் கழித்து அதே இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியத் தொடங்கும். பிறகு அந்தக் கோட்டில் அழுக்கு சேரும். இன்னும் சில மாதங்களில், காய் நறுக்கும்போது பிடி இலேசாக ஆடும்.

இதைக் கண்டவுடன் பலரும், “மட்டமான மரம்” என்றோ “கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்” என்றோ சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டும் உண்மையல்ல. மிக நல்ல மரத்தில் செய்த பிடியிலும் இந்த இடைவெளி ஏற்படும். பிடி பொருத்தப்பட்ட நாளில் மரத்துக்குள் இருந்த ஈரத்தின் அளவு ஒன்று. கத்தி பயன்படும் வீட்டில் அது அடையும் ஈரத்தின் அளவு வேறொன்று. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் கோடாகத் திறக்கிறது.

கோடுதானே என்று இதை விட்டுவிட முடியாது. மீனும் இறைச்சியும் வெட்டும் கத்தியில் அந்த இடைவெளிக்குள் கழிவு போய் ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் அது முழுமையாக வெளியே வராது. அங்கே கிருமிகள் பெருகும். இரும்பும் உள்ளே இருந்தபடியே துருப்பிடிக்கும். துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே, அது மரத்தை உள்ளிருந்து தள்ளி இடைவெளியை மேலும் பெரிதாக்கும். செம்பனைத் தோட்டத்திலும் பழத் தோட்டத்திலும் வீசி வெட்டும் பாராங் கத்தியின் பிடி கழன்றுவிட்டால், அலகு எங்கே பறந்து போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வணிகச் சமையலறைகளில் நெகிழிப் பிடி போட்ட கத்திகள் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

“மரம் மூச்சு விடும்” என்று தச்சர்கள் சொல்வதுண்டு. அழகான சொல்தான். ஆனால், வெட்டிய மரத்துக்கு உயிரில்லை. அது மூச்சு விடுவதுமில்லை. நடப்பது இதுதான். மரம் என்பது நீண்ட குழாய்களைப் போன்ற உயிரணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட ஒரு கட்டு. உறிஞ்சுகுழல்களைக் கைநிறைய அள்ளிக் கயிற்றால் கட்டியதைப் போல அதைக் கற்பனை செய்துகொள்ளலாம். மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. குழாயின் உள்வெளியில் தேங்கியிருக்கும் நீர் ஒன்று. குழாயின் சுவருக்குள்ளேயே ஊறிக் கலந்திருக்கும் நீர் மற்றொன்று.

மரத்தை வெட்டிக் காய வைத்தால் முதலில் உள்வெளி நீர் வெளியேறும். அப்போது எடை குறையும். ஆனால் மரம் சுருங்காது. குவளையிலிருந்து நீரைக் கொட்டினால் குவளை சிறிதாவதில்லை அல்லவா? அது போலத்தான். உள்வெளி நீர் தீர்ந்து, மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நீர் மட்டும் எஞ்சும்போது நிலைமை மாறுகிறது. அந்நிலைக்குப் பிறகு சுவருக்குள் ஊறியிருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும். சுவர் மெலியும், மரம் சுருங்கும். காற்றில் ஈரம் கூடினால் சுவர் மீண்டும் நீரை ஈர்த்துப் பருக்கும். இந்தப் போக்குவரத்து மரத்தின் ஆயுள் முழுவதும் நடக்கும். நூறு ஆண்டு பழைய வீட்டின் கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொண்டு திறக்க மறுப்பதும் இதனால்தான்.

மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது எனலாம். ஓர் அடிமரத்தின் வெட்டுமுகத்தை மேலிருந்து பாருங்கள். நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசை ஆரப் போக்கு. நடுவைச் சுற்றி வட்டமாகச் செல்லும் திசை வட்டப் போக்கு. வேரிலிருந்து நுனிக்குச் செல்லும் திசை நெடும்போக்கு. நார்கள் ஓடும் திசையும் அதுவே. ஈரம் குறையும்போது வட்டப் போக்கில் மரம் மிகுதியாகச் சுருங்கும். ஆரப் போக்கில் அதில் ஏறத்தாழ பாதியளவே சுருங்கும். நெடும்போக்கில் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதனால்தான் கத்திப்பிடி நீளத்தில் குறைவதில்லை; அகலத்திலும் கனத்திலும் மட்டுமே குறைகிறது.

இனி நம் ஊர்க் காற்றைப் பார்ப்போம். கிள்ளான் பள்ளத்தாக்கில் விடியற்காலைக் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டையும் தாண்டும். வெயில் ஏறிய பிற்பகலில் 60 விழுக்காட்டு அளவுக்கு இறங்கும். மரம் இந்த நாளாந்த ஏற்ற இறக்கத்தை உடனுக்குடன் பின்பற்றாது. அது மெதுவாகச் சராசரியைப் பிடித்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காடு என்றால், திறந்த கூரையின் கீழ் வைத்த மரத்தின் ஈர அளவு ஏறத்தாழ 16 விழுக்காட்டில் நிற்கும். சாலையோரப் பட்டறையில் எவ்வளவு காலம் வைத்திருந்தாலும் அது அதற்கு மேல் காயாது. ‘நன்றாகக் காய்ந்த மரம்’ என்று நாம் சொல்வது, அந்த இடத்துக்கு ஏற்றபடி காய்ந்த மரத்தையே.

அதே மரத்தைக் கோலாலம்பூரில் குளிரூட்டி ஓடும் அடுக்குமாடி வீட்டுக்குள் கொண்டுசெல்லுங்கள். குளிரூட்டி காற்றைக் குளிர்விப்பதோடு நிற்பதில்லை. அதிலுள்ள நீரையும் பிழிந்தெடுக்கிறது. கட்டடங்களின் வெளிச்சுவரில் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விழும் நீர், உள்ளேயிருக்கும் காற்றிலிருந்து பிரிந்த நீர்தான். இடைவிடாமல் குளிரூட்டப்படும் அறையில் ஈரப்பதம் 55 விழுக்காட்டு அளவுக்கு இறங்கும். அத்தகைய இடத்தில் மரத்தின் ஈர அளவு 10 விழுக்காட்டை நோக்கிச் செல்லும். மழைக்காடுகள் சூழ்ந்த நாட்டில் மரம் ஏன் காய்ந்து சுருங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு விடை இதுவே. நாட்டின் காற்று ஈரமானது. நாம் வாழும் அறையின் காற்று அப்படியில்லை.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். கத்திப்பிடியின் அகலம் 25 மில்லிமீட்டர். ஈர அளவு 16 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு இறங்குகிறது; அதாவது 6 புள்ளி குறைகிறது. நடுத்தர மரமொன்று ஒவ்வொரு புள்ளிக்கும் வட்டப் போக்கில் ஏறத்தாழ 0.25 விழுக்காடு சுருங்கும். ஆறு புள்ளிக்கு 1.5 விழுக்காடு. 25 மில்லிமீட்டரில் 1.5 விழுக்காடு என்பது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். வங்கி அட்டை ஒன்றின் கனத்தில் பாதி அது. விரல் நகத்துக்கு நன்றாகவே தட்டுப்படும். மீன் செதிலின் துணுக்கு நுழைவதற்கும் போதும்.

இரும்பு என்ன செய்கிறது? அது காற்றின் ஈரத்துக்குப் பருப்பதுமில்லை, சுருங்குவதுமில்லை. வெப்பத்துக்கு மட்டும் சற்று விரியும். 25 மில்லிமீட்டர் அகல எஃகு 10 பாகை செல்சியஸ் சூடேறினால் 0.003 மில்லிமீட்டர் மட்டுமே விரியும். மரத்தின் அசைவோடு ஒப்பிட்டால் இதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அசையும் பொருளையும் அசையாத பொருளையும் சேர்த்துக் கட்டியிருக்கிறோம். சிக்கல் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது.

வெளியேறும் நீர் எவ்வளவு என்று தெரிந்தால் வியப்பாக இருக்கும். பிடியின் உலர் எடை 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 16 விழுக்காட்டில் அதற்குள் 6.4 கிராம் நீர் இருக்கும். 10 விழுக்காட்டில் 4 கிராம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 2.4 கிராம். அரைத் தேக்கரண்டி நீர் போனதற்காகத்தான் பிடி இத்தனை தொல்லை தருகிறது!

மரமும் இரும்பும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்துத் தொல்லையின் வடிவம் மாறும். சமையலறைக் கத்திகள் பலவற்றில் அலகின் இரும்பு பிடியின் முழு நீளத்துக்கும் ஓடும். அதன் இரு பக்கமும் மரத்துண்டுகளை வைத்து ஆணியடித்திருப்பார்கள். இங்கே மரம் இரும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. மரம் சுருங்கும்போது இரும்பின் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு விரலை உறுத்தும். மரத்துண்டு சற்று வளைந்துவிட்டால் ஓரத்தில் இடைவெளி திறக்கும். பாராங் கத்தியிலும், தோட்டங்களில் மரம் சீவப் பயன்பட்ட கத்திகளிலும் அலகின் பின்பகுதி வாலைப் போலக் குறுகி மரத்துக்குள் நுழையும். இங்கே மரம் இரும்புக்கு வெளியே இருக்கிறது. சுருங்க விரும்பும் மரத்தை நடுவிலுள்ள இரும்பு தடுக்கும். தாங்க முடியாத நிலையில் மரம் நீளவாக்கில் விரியும். அரிவாள்மனையின் பலகை, இரும்பு செருகிய இடத்தில் பிளந்து போவதும் இவ்வகைதான்.

மூன்றாவது வகை, மரம் இரும்புக்கு உள்ளே இருப்பது. மண்வெட்டி, கோடரி, சுத்தியல் ஆகியவற்றின் காம்பு இரும்பின் துளைக்குள் செருகப்பட்டிருக்கும். பிடியின் முனையில் மாட்டும் பூணும் இவ்வகையே. மரம் சுருங்கினால் இரும்பு தளர்ந்துவிடும். மாட்டு வண்டிகள் ஓடிய காலத்தில் சக்கரத்தின் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மரச் சக்கரத்தின் மேல் இறக்கி, உடனே நீரூற்றிக் குளிர்விப்பார்கள். இரும்பு சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அத்தனை இறுக்கமும் கடும் வறட்சியில் தளர்ந்து போகும். அப்போது வண்டிக்காரர்கள் சக்கரத்தை நீரில் நனைப்பார்கள்.

அந்தப் பழக்கம் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. காம்பு ஆடினால் இரவு முழுவதும் வாளி நீரில் ஊற வை, காலையில் இறுகிவிடும் என்பார்கள். இறுகுவது உண்மைதான். எனினும், கத்திக்கும் மண்வெட்டிக்கும் சொல்லப்படும் யோசனைகளில் இதைவிடக் கெடுதலானது வேறில்லை என்பேன். ஊறிய மரம் பருக்க விரும்பும். சுற்றிலும் இரும்பு இருப்பதால் பருக்க இடமில்லை. ஆகவே, உயிரணுச் சுவர்கள் ஒன்றையொன்று நெருக்கி நசுங்கும். நசுங்கியது மீண்டும் நிமிர்வதில்லை. ஈரம் காய்ந்த பிறகு மரம் தன் பழைய அளவுக்கு வராமல், அதைவிடச் சிறிதாகிவிடும். முதல் நாள் கொஞ்சம் ஆடிய காம்பு, மூன்றாம் நாள் கழன்றே விழும். ஒவ்வொரு முறை ஊறவைக்கும்போதும் மரத்தின் ஒரு பகுதியை நாமே நசுக்கிக் கொல்கிறோம். பாத்திரத் தொட்டியில் கத்தியை மணிக்கணக்கில் மூழ்க வைப்பதும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

இடைவெளியை எப்படித் தடுப்பது? மரத்தின் அசைவை முற்றாக நிறுத்தும் வழி, சாதாரணப் பட்டறையில் இல்லை. அசைவைக் குறைக்கலாம், மெதுவாக்கலாம், அது வரும் என்று தெரிந்து இடம் விடலாம்.

முதல் வேலை, பொருத்துவதற்கு முன்பே மரத்தை அது வாழப்போகும் இடத்தின் ஈரத்துக்குக் கொண்டுவருவது. கைதேர்ந்த கத்தித் தொழிலாளர் மரத்தைப் பிடியின் வடிவத்தைவிடச் சற்றுப் பெரிதாக அறுத்து, கத்தி பயன்படும் இடத்தைப் போன்ற அறையில் சில வாரங்கள் விட்டுவைப்பார். சுருங்குவதும் வளைவதும் அங்கேயே நடந்து முடியட்டும் என்பது அவர் எண்ணம். எப்போது போதும் என்பதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சமையலறைத் தராசே போதும். வாரம் ஒருமுறை மரத்துண்டை நிறுத்துக் குறித்து வையுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் இன்னும் நீர் வெளியேறுகிறது என்று பொருள். தொடர்ந்து இரண்டு மூன்று வாரங்கள் எடை மாறாமல் இருந்தால் மரம் அந்த அறையோடு உடன்பாட்டுக்கு வந்துவிட்டது. துல்லியமான அளவு வேண்டுமென்றால், ஆய்வுக்கூடங்களில் சிறு துண்டொன்றை ஏறத்தாழ 103 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எடை மாறாத வரை உலர்த்துவார்கள். முன்பிருந்த எடையிலிருந்து உலர் எடையைக் கழித்து, உலர் எடையால் வகுத்தால் ஈர அளவு கிடைக்கும். பள்ளி அறிவியல் கூடத்தில் ஆசிரியரின் துணையோடு நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

இரண்டாவது, மரத்தை எந்தப் போக்கில் அறுப்பது என்பது. பிடியின் அகலம் ஆரப் போக்கில் அமையுமாறு அறுத்தால் மேலே கணக்கிட்ட 0.4 மில்லிமீட்டர் பாதியாகிவிடும். மரம் அதே மரம்; செலவும் அதிகம் கூடாது; அறுக்கும் கோணம் மட்டுமே வேறு. இப்படி அறுத்த துண்டு எளிதில் வளைவதுமில்லை. நம் நாட்டு மரங்கள் பலவற்றில், குளிர்நாட்டு மரங்களில் தெரிவதைப் போன்ற தெளிவான வளர்வளையங்கள் தெரியாது. ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் இருப்பதால் மரத்தின் வளர்ச்சி நிற்பதில்லை. அதனால் கோடும் விழுவதில்லை. ஆகவே, போக்கைக் கண்டறிய வெட்டுமுகத்தை நன்றாகத் தேய்த்து, மையத்திலிருந்து புறப்படும் மெல்லிய ஆரக் கோடுகளைப் பார்க்க வேண்டும்.

எந்த மரம் நல்லது என்ற கேள்விக்குப் பலரும் முதலில் விடை தேடுவார்கள். உண்மையில் அது மூன்றாவது கேள்விதான். தேக்கு குறைவாக அசையும். அதில் இயற்கையான எண்ணெய்ப் பசையும் உண்டு. செங்கால் மரம் மிகக் கனமானது, நீண்ட காலம் உழைப்பது. படகு கட்டவும், வீட்டுத் தூண் நிறுத்தவும், இரயில் பாதையில் சிலிப்பர் கட்டையாகவும் அது பயன்பட்டிருக்கிறது. ஆனால், கனமான மரத்துக்குள்ளிருந்து நீர் வெளியேற மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் செங்காலும் ஏமாற்றும்.

நம்மவர்களுக்கு மிக நெருக்கமான மரம் ஒன்றைப் பற்றி இங்கே சற்று நின்று பேச வேண்டும். 1877இல் கோலகங்சாரில் முதல் கன்றுகள் நடப்பட்ட பால்மரம், பின்னர் நாடெங்கும் தோட்டங்களாகப் பரவியது. நம் முன்னோர் விடியற்காலை இருளில் எழுந்து அம்மரங்களைச் சீவினார்கள். பாலுக்குத்தான் மதிப்பு, மரத்துக்கு மதிப்பில்லை. 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரங்கள் வெட்டப்பட்டு, விறகாகவே போயின. ரப்பர்த் தகடுகளைப் புகையில் உலர்த்தும் கூடங்களிலும் செங்கல் சூளைகளிலும் அவை எரிந்தன. அந்த வெளிர்நிற மரத்தை யாரும் தச்சு வேலைக்கு விரும்பவில்லை. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை படர்ந்து நீலக் கறை விழும், வண்டுகள் துளைக்கும், சரியாகக் காய வைக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளும்.

இந்நிலையை மாற்றியது உலர்த்தும் முறைதான். மரத்தை வெட்டியவுடன் பலகையாக அறுத்து, அழுத்தத்தின் மூலம் போரான் கலந்த மருந்தை உள்ளே செலுத்தி, பின் உலர்சூளையில் அடுக்கினார்கள். உலர்சூளை என்பது வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தும் ஒரு பெரிய அறை. அங்கே ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் பலகையின் ஈரம் குளிரூட்டிய அறைக்கு ஏற்ற அளவுக்கு இறங்கும். கெப்போங்கில் 1929இல் ஆய்வுக்கூடங்கள் எழுந்து, 1985இல் தனிச் சட்டக் கழகமான மலேசிய வன ஆய்வுக் கழகம், உள்நாட்டு மரங்களின் சுருக்கத்தையும் உலரும் தன்மையையும் அளந்து பதிவு செய்து வந்த நிறுவனம். இத்தகைய ஆய்வுகளின் துணையோடு 1980களில் பால்மரம் அறைகலன் தொழிலின் முதன்மை மரமாகியது. இன்று பேரங்காடிகளில் விற்கும் வெட்டுப்பலகைகளும் கரண்டிகளும் கத்திப்பிடிகளும் பல, ஒருகாலத்தில் பால் கொடுத்த அதே மரம்தான். மரம் மாறவில்லை, அதை உலர்த்தத் தெரிந்துகொண்டோம்.

அடுத்து, மரத்துக்கும் இரும்புக்கும் இடையில் என்ன வைப்பது என்பதைப் பார்க்கலாம். பழைய கொல்லர்கள் அலகின் வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்துளைக்குள் இறக்குவார்கள். மரம் வால் வடிவத்துக்குக் கருகி வழிவிடும். இதனால் துளை கச்சிதமாக அமையும். ஆயினும், கருகிய பகுதி நொறுங்கும் தன்மையுடையது. அதை மட்டும் நம்ப முடியாது. மலாய்க் கைவினைஞர்கள் கிரிசுக்கும் பாராங்குக்கும் பிடி போடும்போது ‘எம்பாலாவ்’ எனப்படும் அரக்கைத் துளைக்குள் இட்டு, சூடான வாலை அதில் அழுத்துவது வழக்கம். இளகிய அரக்கு எல்லாச் சந்துகளிலும் புகுந்து உறைந்துவிடும். நாளடைவில் பிடி தளர்ந்தால் மீண்டும் சூடாக்கி, கழற்றி, புதிதாகப் பொருத்தலாம். மரம் ஒரு நாள் தளரத்தான் செய்யும் என்பதை முன்பே ஏற்றுக்கொண்ட முறை இது. அதனால் இதை மிகவும் மதிக்கிறேன். இத்தகைய கத்தியை அடுப்பின் அருகில் வைக்கக்கூடாது; சூட்டில் அரக்கு இளகிவிடும். இக்காலத்தில் இரு குழம்புகளைக் கலந்து பூசும் எப்பாக்சி பசை அரக்கின் இடத்தைப் பிடித்திருக்கிறது. அது வலுவானது, நீர் புகாது, ஆனால் எளிதில் கழற்ற முடியாது.

பூணின் பணியும் தெளிவாக வேண்டும். உலக்கையின் நுனியிலும் கத்திப்பிடியின் வாயிலும் மாட்டும் உலோக வளையம் அழகுக்காக வந்ததன்று. வாலைச் சுற்றியுள்ள மரம் விரியத் தொடங்கும்போது, அந்த விரிசலை வளராமல் பிடித்து நிறுத்துவது பூண். முன்பு சொன்னபடி மரம் சுருங்கினால் பூணே தளரும். ஆகையால், நன்றாக உலர்ந்த மரத்தில் மாட்டிய பூணே பயன் தரும்.

பிடியின் மேற்பூச்சு ஈரத்தை நிறுத்துவதில்லை. அதன் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்தாலே போதும். மழை நாளும் வெயில் நாளும் மாறி மாறி வந்தாலும் மரம் சராசரியில் நின்றுவிடும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு உறைந்து மெல்லிய படலமாகும். தேங்காய் எண்ணெய் அப்படி உறையாது. நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். நம் வீடுகளில் கைக்கு எட்டுவது அதுதான் என்றாலும் பிடிக்கு ஏற்றதன்று. எந்தப் பூச்சானாலும் பிடியின் இரு நுனிகளில் கூடுதலாகப் பூச வேண்டும். நுனியில்தான் குழாய்களின் வாய்கள் திறந்திருக்கின்றன. பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக நீர் அங்கே நுழைந்து வெளியேறும். விரிசல் பெரும்பாலும் நுனியில் தொடங்குவதற்குக் காரணமும் இதுவே.

உயிரணுச் சுவரிலிருந்து நீர் வெளியேறும்போது, அந்த இடத்தில் வேறொரு பொருளை அமர்த்தினால் மரம் சுருங்காது அல்லவா? இந்த எண்ணத்தை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் சுவீடன் நாட்டினர். 1628இல் கடலில் மூழ்கிய ‘வாசா’ என்னும் மரக்கப்பலை அவர்கள் 1961இல் மேலே எடுத்தார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீரில் ஊறிய அந்த மரத்தை அப்படியே காய விட்டிருந்தால் அது சுருங்கி வெடித்திருக்கும். ஆகவே, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் மெழுகு போன்ற பொருளை நீரில் கரைத்து, பதினேழு ஆண்டுகள் கப்பலின் மீது தெளித்தார்கள். நீர் இருந்த இடத்தில் அப்பொருள் மெல்ல மெல்லக் குடியேறியது. இதற்கு நெருக்கமான ஒரு முறையைக் கத்திப்பிடிக்கும் கையாள்கிறார்கள். மரத்துண்டைக் காற்று நீக்கிய கலத்தில் பிசினுக்குள் அமிழ்த்தி, குழாய்கள் நிறைய உறிஞ்ச விட்டு, பின் சூட்டில் இறுக வைப்பார்கள். அப்படிச் செய்த பிடி மிகக் குறைவாகவே அசையும். விலைதான் கூடுதல்.

வீட்டில் ஏற்கனவே இடைவெளி விழுந்த கத்தி இருந்தால், அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. முதலில் பழைய பல்துலக்கியால் சந்தை நன்றாகச் சுத்தம் செய்து, துருவைத் தேய்த்து நீக்குங்கள். அலகின் முனையைத் தடித்த துணியால் சுற்றிக்கொள்வது நல்லது. உடனே பசையை ஊற்றிவிடக் கூடாது. கழுவிய கத்தியின் மரம் பருத்திருக்கும். அப்போது அடைத்தால் காய்ந்த பிறகு புதிய கோடு ஒன்று திறக்கும். கத்தி வழக்கமாக இருக்கும் இடத்திலேயே இரண்டு வாரங்கள் காய விட்டு, அதன் பிறகு பெரியவர்களின் துணையோடு எப்பாக்சி பசையால் சந்தை அடைத்து, மேல்மட்டத்தைத் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஆணி தளர்ந்து அலகே ஆடினால் வீட்டு வைத்தியம் உதவாது. பிடியைக் கழற்றி மாற்ற வேண்டும்.

குளிர்நாடுகளில் செய்து இங்கே விற்கப்படும் கத்திகளில் இதற்கு நேர்மாறான ஒன்றைக் காணலாம். சூடேற்றிய உலர்ந்த அறைகளுக்காக 8 விழுக்காட்டு ஈரத்தில் பொருத்திய மரம், கிள்ளானின் குளிரூட்டி இல்லாத சமையலறைக்கு வந்ததும் நீரை ஈர்த்துப் பருக்கும். அப்போது இரும்பு பள்ளமாகவும் மரம் மேடாகவும் விரலுக்குத் தட்டுப்படும். அந்த மேட்டைச் சீவித் தள்ளிவிட்டு, பின்னர் அதே கத்தியைக் குளிரூட்டிய வீட்டுக்குக் கொண்டுசென்றால், சீவிய அளவுக்கு இரும்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.